டமாரம்

தோளைத் தட்டினால், விரல்களில் ஒட்டிய பசையை ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டுத்தான் பைண்டர் திரும்புவார். "டமாரம்" என்று கத்தினால் திரும்பவே மாட்டார். அவர் வேலைக்குச் சேர்ந்த அன்று மெஷின் சத்தத்தில் ஒருமுறை திரும்பாததால், பிழை திருத்துபவன் வைத்த பட்டப்பெயர் அது. அச்சகமே அதைப் பிடித்துக்கொண்டது.

"டமாரச் செவிடுப்பா, என்ன வேணா பேசலாம்" என்று அவர் முதுகுக்குப் பின்னாலேயே அவன் ஒரு வருஷம் சிரித்தான்.

ஒருநாள், புதிதாகச் சேர்ந்த பெண் வாசலிலிருந்து மெதுவாக, "பைண்டரண்ணே, ஊசி இருக்கா?" என்றாள்.

"இருக்கும்மா."

பிழை திருத்துபவனுக்கு முகம் சுண்டிப்போனது. "அண்ணே, உங்களுக்குக் கேக்குமா?"

"பைண்டர்னு கூப்பிட்டா கேக்கும், தம்பி."

மன்னிப்புக் கேட்காமலே அவன் தன் மேசைக்குப் போனான். அவர் வேலையை விட்ட பிறகு, அவருடைய சாமான்களை வாங்கிப்போக மனைவியும் மகளும் வந்தார்கள். மகள் கைகளால்தான் பேசினாள். பிறவியிலேயே அவளுக்குக் காது கேட்காதாம்.