பத்ரோனின் புரோஷேயை நான் வெட்டிய கதை

1. தொட்டியில் மீன் இல்லை

"மீன் எங்கை?" என்று பத்ரோன் கேட்டபோது நான் சிரித்துக்கொண்டுதான் நின்றேன். சட்டியைக் காட்டினேன். பதினாறு துண்டு, தலை இரண்டு பாதி, எல்லாவற்றிலும் உப்பும் மஞ்சளும் பிரட்டியாகிவிட்டது. பத்ரோன் சட்டியைப் பார்த்தார். வெறும் தொட்டியைப் பார்த்தார். பிறகு புல்லில் இருந்துவிட்டார்.

பத்ரோன் என்றால் முதலாளி. பெயர் அலன். பாரிசில் கார் து நோர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ரெஸ்ரோரண்ட் வைத்திருந்தார். அவர் கதைத்தது பிரெஞ்சு. ஆனால் அவரிடம் வாங்கிய ஏச்செல்லாம் எனக்கு யாழ்ப்பாணத் தமிழில்தான் நினைவிருக்கிறது. ஆகவே அப்படியே எழுதுகிறேன்.

2. கறிக்கோ, பொரியலுக்கோ?

அதற்கு முன் நாலு வருடம் லா ஷப்பலில் ஒரு தமிழ் மீன்கடையில் வெட்டுகிற வேலை செய்தேன். சனிக்கிழமை என்றால் வரிசை வாசலைத் தாண்டி நிற்கும். மீனைத் தராசில் நிறுத்து என் பக்கம் தள்ளுவார்கள். "கறிக்கோ, பொரியலுக்கோ?" என்று கேட்பேன். பதில் வந்ததும் கத்தி தானாக இறங்கும். செதில், செட்டை, வால், குடல், துண்டு. அந்த நாலு வருடத்தில் என் கைக்கு வந்த மீன் ஒன்றாவது முழுசாகத் திரும்பிப் போனதில்லை.

பிறகு பத்ரோனின் குசினியில் மீன் பகுதிக்கு ஆள் வேண்டும் என்றார்கள். சேர்ந்தேன். ஒன்பது மாதக் கொன்ரா, அதாவது வேலை ஒப்பந்தம், ஜூனில் முடியும். எனக்கு வேண்டியது முடிவுத் திகதி இல்லாத நிரந்தரக் கொன்ரா. அது இருந்தால்தான் ஊரில் மூன்று வருடமாகக் காத்திருந்த என் மனைவி சாந்தியைக் கூப்பிடும் கோப்பு நகரும். பொபினி அரச அலுவலகத்தில் கவுண்டருக்குப் பின்னால் இருந்த அம்மா என் கடதாசிகளைப் புரட்டிவிட்டு அந்த ஒன்றைத்தான் கேட்டார். பத்ரோனிடம் நான் கேட்கவில்லை. வாய் வரவில்லை. நல்ல வேலைக்காரன் என்று கண்டால் தானாகத் தருவார் என்று நினைத்து, தட்டுமுட்டெல்லாம் மினுக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

3. ஏரிக்குப் போன ஞாயிறு

2011, மே மாதம் முதலாம் திகதி. புரோஷே பிடிக்கிற பருவம் அப்போதுதான் திறக்கும். புரோஷே என்பது ஏரி மீன். நீட்டு உடம்பு, வாத்து வாய், வாய் முழுக்கப் பல். எங்கள் ஊர்ச் சீலா மீனுக்குப் பெறாமகன் என்று சொல்லலாம். பத்ரோன் ஒவ்வொரு வருடமும் வடகிழக்கே ஒரு பெரிய ஏரிக்குப் போவார். மறுகரை ஒரு கோடு மாதிரித்தான் தெரியும். அந்த வருடம் என்னையும், பாத்திரம் கழுவுகிற பிரான்சிஸ் அண்ணையையும் காரில் ஏற்றினார். அண்ணை மன்னார்க்காரர், மீனோடு வளர்ந்தவர்.

புறப்பட முதல், தூண்டில் போட அனுமதிச் சீட்டு வேண்டும் என்று பத்ரோன் கம்பியூட்டரில் எங்கள் பெயரைத் தட்டினார். நாலு நிமிடத்தில் சீட்டு வந்தது. சாட்சி இல்லை, விரல் அடையாளம் இல்லை, "அடுத்த கிழமை வா" இல்லை. பிரான்சில் எனக்கு இவ்வளவு சுலபமாகக் கிடைத்த பேப்பர் வேறு இல்லை. அண்ணை தன் சீட்டை மடிக்காமல் பேர்சில் வைத்துக்கொண்டார்.

ஏரிக்கரைக்குப் பத்ரோனின் மச்சான் மிஷேலும் வந்திருந்தார். மிஷேல் ஒருமுறை நூற்றிநாலு சென்ரிமீற்றர் புரோஷே பிடித்தவர். அதன் படம் பத்ரோனின் ரெஸ்ரோரண்டிலேயே, கோப்பி மெஷினுக்கு மேலே தொங்கியது. பத்ரோனின் மனைவி மிஷேலின் தங்கச்சி; படத்தைத் தொங்கவிட்டு ஒரு சட்டமும் வைத்தவர் அவர்தான். அதைவிடப் பெரிய மீன் பிடித்தால் மட்டும் பத்ரோன் அந்தப் படத்தை இறக்கலாம். ஒவ்வொரு காலையும் அந்தப் படத்துக்குக் கீழே நின்றுதான் பத்ரோன் கோப்பி குடித்தார்.

பத்து மணிபோல் பத்ரோனின் தடி வளைந்தது. அரை மணித்தியாலம் மல்லுக்கட்டி ஒரு பெரிய புரோஷேயைக் கரை சேர்த்தார். தண்ணீர்த் தொட்டிக்குள் அதை விட்டுவிட்டு, மிஷேலையும் அளவு நாடாவையும் தேடிச் சின்னப் பிள்ளை மாதிரி ஓடினார். இந்த ஆட்கள் மீனை அளந்து, படம் எடுத்து, நெற்றியில் முத்தம் கொடுத்துத் திரும்ப ஏரியில் விடுவார்கள். அது எனக்கும் தெரியாது, அண்ணைக்கும் தெரியாது. பிடித்த மீனை விடுகிற மனிதர் உலகத்தில் இருப்பார் என்று யார் கண்டது?

அண்ணை கரையில் அடுப்பு மூட்டி வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தார். "தம்பி, தலையை ரெண்டாப் பிளந்து தாரும், சொதி வைப்பம். மிச்சம் கறிக்கு. ஏரி மீன் மண் மணக்கும், புளி கூடப் போடவேணும்."

பத்ரோன் திரும்பி வர முதல் முடித்துக் காட்டினால் சந்தோஷப்படுவார், கொன்ராவும் அவருக்கு நினைவு வரும் என்று நினைத்தேன். ஏழு நிமிடம். என் வாழ்க்கையில் மிகத் திறமாக வேலை செய்த ஏழு நிமிடம் அதுதான்.

4. அளவு

"இருபது வருஷம் காத்திருந்தனான்," என்றார் பத்ரோன், புல்லில் இருந்தபடியே. "இருபது வருஷம்!"

மிஷேல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நல்ல மீன், அலன். நீளம் எத்தினை துண்டு?"

எனக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. அண்ணைதான் முதலில் அசைந்தார். தார்ப்பாயை விரித்துத் துண்டுகளை வரிசையாக அடுக்கத் தொடங்கினார். "இது கழுத்து. இது வயிறு. இல்லைத் தம்பி, அதுக்குப் பிறகு இது." ஒரு மஞ்சள் புரோஷே மெல்ல மெல்ல உருவானது. பத்ரோன் நாடாவை வைத்தார். தொண்ணூற்று மூன்று.

"வால் எங்கை?" என்று கத்தினார்.

வாலை நான் வழக்கப்படி வெட்டி ஏரிக்குள் எறிந்திருந்தேன். எனக்கு நீந்தத் தெரியாது. இருந்தாலும் சப்பாத்தோடு இறங்கினேன். தண்ணீர் இடுப்பு மட்டும் வந்தது. அந்தக் குளிர் எலும்பைத் தேடிப் பிடித்துக் கடித்தது. நீர்ப்பறவை ஒன்று எனக்கு முன்னால் வாலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. நாணலுக்குள் சிக்கியிருந்த வாலை அதன் சொண்டிலிருந்து பறித்தேன் என்றுதான் சொல்லவேண்டும்.

வாலை வைத்து அளந்தால் நூற்றிநாலு. மிஷேலின் மீனும் நூற்றிநாலு.

"துண்டுக்கிடையில இடைவெளி இருக்கு!" என்றார் மிஷேல்.

"கத்தி தின்ட இறைச்சியை ஆர் கணக்குப் பாக்கிறது?" என்றார் பத்ரோன்.

இருவரும் முழங்காலில் நின்று துண்டுகளைத் தள்ளுவதும் இழுப்பதுமாகச் சண்டை பிடித்தார்கள். அப்போது அடுப்படியிலிருந்து அண்ணையின் குரல் வந்தது: "அளந்து முடிஞ்சுதெண்டால் தாங்கோ. தேங்காய்ப்பால் திரையப்போகுது."

படம் எடுத்தார்கள். பிறகு சமைத்தோம். மிஷேல் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். பத்ரோன் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தார், கடைசியில் தலைச் சொதியை முழுக்கக் குடித்தார்.  பின்னேரம் அதே காரில் பாரிசுக்குத் திரும்பினோம். இறங்கும்போது, "நாளைக்கு என்ர அறைக்கு வா" என்றார் பத்ரோன்.

5. திங்கட்கிழமை

அன்று இரண்டு மெத்ரோ ரயிலைத் தவறவிட்டேன், வேண்டுமென்றே.

"உனக்கு நீந்தத் தெரியாதெண்டு பிரான்சிஸ் சொன்னார்," என்றார் பத்ரோன். "பிறகேன் இறங்கினனி?"

"வேலை போனால் மனுசி வரேலாது, பத்ரோன்," என்றேன். அழுகை வந்துவிட்டது. சாந்தி, பொபினி, கோப்பு எல்லாவற்றையும் என் உடைந்த பிரெஞ்சில் கொட்டினேன்.

அவர் பேனாவை எடுத்துத் திருகினார். "எட்டு மாசமா வாயை மூடிக்கொண்டு என்ர பானையளை மினுக்கினனி. இதை முதலே கேட்டிருக்கலாமே!" என்று ஏசினார். ஏசிக்கொண்டே ஒரு நிரந்தரக் கொன்ராவை நிரப்பிக் கையெழுத்து வைத்தார்.

ஒன்றரை வருடத்துக்குப் பிறகு சாந்தி வந்தாள். ரெஸ்ரோரண்டுக்குக் கூட்டிப் போனேன். கோப்பி மெஷினுக்கு மேலே இப்போது இரண்டு படம். ஒன்றில் மிஷேலின் மீன். மற்றதில் தார்ப்பாயில் துண்டு துண்டாக மஞ்சள் மீன், இரண்டு பக்கமும் முறைத்துக்கொண்டு இரண்டு பிரெஞ்சுக்காரர், பின்னால் இடுப்புவரை நனைந்து நான்.

"ஆருடைய மீன்?" என்றாள்.

"பத்ரோன்ர."

"அவர் வெட்டச் சொன்னவரோ?"

"இல்லை."

"கேக்கேல்லையோ?"

நாலு வருடம் ஒவ்வொரு மீனுக்கும் கேட்டவன் நான். இப்போது குசினி என் பொறுப்பில் இருக்கிறது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களை முதல் நாளே அந்தப் படத்துக்குக் கீழே நிறுத்தி, கத்தி எடுக்கமுன் என்னைக் கேள், உனக்கு ஏதும் வேண்டுமென்றாலும் என்னைக் கேள் என்று சொல்கிறேன். சாந்திக்கு மட்டும் இன்னும் பதில் சொல்லவில்லை.