ஸ்டெல்லாவின் கடற்கரையில் என் புத்தகங்கள்

நான் வசிக்கும் ஜெர்மன் சிற்றூரில் ஞாயிற்றுக்கிழமை சத்தம் போடக் கூடாது. வந்த புதிதில் இது தெரியாமல் மரத்தரையில் உட்கார்ந்து பகடை உருட்டிக்கொண்டிருந்தேன். கீழ்வீட்டுக்காரர் படியேறி வந்து, உங்கள் வீட்டில் ஏதோ விழுந்துகொண்டே இருக்கிறதே, உதவி வேண்டுமா என்று கேட்டார். பகடைக்கு அவர்கள் மொழியில் என்ன பெயர் என்று அப்போது தெரியாது. உள்ளங்கையை விரித்து இருபது முகப் பகடையைக் காட்டினேன். அதைப் பார்த்தார், பிறகு முப்பத்து நான்கு வயது ஆளான என்னைப் பார்த்தார், படியிறங்கிப் போனார். அன்றிலிருந்து குளிக்கும் துண்டை மடித்துப் போட்டு அதன்மேல்தான் உருட்டுகிறேன்.

இந்த விளையாட்டு தெரியாதவர்களுக்கு: நான்கைந்து பேர் சேர்ந்து கதை சொல்லி ஆடுவது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, அடுத்து என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். வாள் பட்டதா இல்லையா என்பதைப் பகடை முடிவு செய்யும். மறைமலைநகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது, கம்பெனி பஸ்ஸின் கடைசி சீட்டில் இதைத் தொடங்கினோம். நான், தினா, இன்னும் இரண்டு நண்பர்கள். கதை நடத்தியவன் நான். செங்கல்பட்டில் இறங்கப் போனால், “டிராகன் செத்துச்சா இல்லியா, அத்த சொல்லிட்டு எறங்கு” என்று தினா பையைப் பிடித்து இழுப்பான். என் வாயிலிருந்து அடுத்த வரி வரும்வரை மூன்று பேர் காத்திருப்பார்கள். அந்த மதிப்பு எனக்கு வேறெங்கும் கிடைத்ததில்லை, இந்த நாட்டிலும் கிடைக்கவில்லை.

இங்கே வந்தபின் ஆட்டம் இணையத்துக்கு மாறியது. ஞாயிறு மதியம் எனக்கு ஒரு மணி, அவர்களுக்கு மாலை. ஆட்டத்துக்கான தளத்தில் விதிநூல்கள், அரக்கர்களின் தொகுப்பு, வரைபடங்கள் எல்லாவற்றையும் நானே வாங்கினேன். ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், நான் சேர்ந்திருக்கும் ஆட்டத்தில் உள்ள எல்லோரும் அவற்றைத் திறந்து படிக்கலாம். அழுத்தினேன். பெருந்தன்மை என்றுதான் நினைத்துக்கொண்டேன். உண்மையில், என் புத்தகம் இல்லாமல் அவர்களால் ஆட முடியாது என்பதில் எனக்கொரு நிம்மதி இருந்தது. ஒருமுறை தினா, “டெஸ்டிங்குக்கு இன்னொரு கேம் ஓப்பன் பண்ணிகீறேன் மச்சான், அதுலயும் ஷேரிங் ஆன் பண்ணிடு” என்றான். அதையும் செய்துவிட்டு மறந்துபோனேன்.

போன குளிர்காலத்தில் ஒரு வியாழக்கிழமை மாலை, தேவையில்லாததை நீக்கலாம் என்று அந்தச் சோதனை ஆட்டத்தைத் திறந்தேன். உள்ளே ஒரு ஊரே இருந்தது. என் மூன்று நண்பர்களும் அங்கே வேறு பாத்திரங்களாகச் சனிக்கிழமைதோறும் ஆடிக்கொண்டிருந்தார்கள். கதையை நடத்தியது ஸ்டெல்லா என்ற, நான் கேள்விப்படாத பெண். ஆடும்போது பேசியதை அப்படியே தட்டிவைத்த உரையாடல், பக்கம் பக்கமாக. அடுத்தவர் கடிதத்தைப் பிரித்தவன் போலப் படித்தேன். நான் அவர்களைப் பனிமலைகளிலும் அரண்மனைகளிலும் அலையவிட்டிருந்தேன். ஸ்டெல்லா என் பனிக்கோட்டை வரைபடத்தை எடுத்து எங்கள் ஊர்ப்பக்கத்துச் சதுரங்கப்பட்டினம் கோட்டையாக்கி, மதிலுக்குக் கீழே கடலை வைத்திருந்தாள். என் புத்தகத்திலிருந்த சிங்க உடல் பறவையின் பலத்தைத் திருக்கழுக்குன்றத்துக் கழுகுக்குக் கொடுத்திருந்தாள். நன்றாக இருந்தது. என்னுடையதைவிட நன்றாக இருந்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை. ஜன்னலுக்கு வெளியே நிஜமான பனி விழுந்துகொண்டிருக்க, என் கடற்கரையில் என் புத்தகங்களை வைத்துக்கொண்டு வேறொருத்தி கதை சொல்கிறாள். அந்த ஆட்டத்துக்கான பகிர்வுப் பொத்தானை அணைத்தேன்.

மறுநாள் கேண்டீனில், உடன் வேலை செய்யும் யோஹான் ஏன் முகம் வாடியிருக்கிறது என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஜெர்மனில், புத்தகங்களைப் பகிர்ந்துகொண்டோம், இப்போது எல்லாம் முடிந்துவிட்டது என்றேன். அவர் கரண்டியைக் கீழே வைத்தார். “மன்னிக்க வேண்டும். உங்களுக்குத் திருமணமானதே எனக்குத் தெரியாது.” அவர்கள் மொழியில் ‘டைலென்’ என்றால் பகிர்வதும்தான், பிரித்துக்கொள்வதும்தான். நான் திருத்தவில்லை. அவர் தன் கேக்கில் பாதியை எனக்குத் தந்தார்.

சனிக்கிழமை தினா அழைத்தான்.

“மச்சான், சைட்டு எதுனா பேஜாரா? ஸ்டெல்லாவுக்கு எல்லாம் காலியா கீது. பாதி சண்டைல நிக்கிறோம்.”

“தெரியலடா.”

அவனுக்குப் பின்னால் சிரிப்புச் சத்தம். யாரோ, பஜ்ஜி ஆறிகினு கீது என்றார்கள். எல்லோரும் ஒரே வீட்டில் இருந்தார்கள்! அது எனக்கு அந்த நொடியில்தான் தெரிந்தது.

“நீ ஆஃப் பண்ணியா?” தினாவின் குரல் இறங்கியது.

“ஆமா. எங்கிட்ட ஏன்டா சொல்லல?”

கதவு சாத்தும் சத்தம் கேட்டது. வெளியே வந்திருக்கிறான். “சொன்னா ஃபீல் பண்ணுவ. அதான். உன் கேம்ல ஆளுக்கொரு ரூம்ல ஹெட்செட்டு மாட்டிகினு குந்திகினு கீறோம். இங்க ஒரே டேபிளு. ஸ்டெல்லா பக்கத்து வூடு, மெடிக்கல் காலேஜ் லேப்ல வேல. சும்மா ஒரு நாள் வந்து குந்துச்சு, அப்டியே புடிச்சிகிச்சு. நீ போய்ட்ட மச்சான். நாங்க இன்னா பண்றது? உன் புக்க வச்சிகினுதான ஆடுறோம்.”

“புக்கும் நானும் ஒண்ணாடா?”

அப்புறம் பேசுறேன் என்று வைத்துவிட்டான்.

கொஞ்ச நேரம் ஹீட்டர் பக்கத்தில் நின்றேன். பிறகு பொத்தானை மறுபடி அழுத்தினேன். மனசு இளகி அழுத்தினேன் என்று எழுத ஆசைதான். அந்தச் சண்டை எப்படி முடிகிறது என்று எனக்குத் தெரியவேண்டியிருந்தது, அவ்வளவுதான். அன்று மாலை முழுக்க அவர்கள் மேசையில் பேசியதைத் தளத்தில் தட்டத் தட்ட, உள்ளே இருப்பதைக் காட்டிக்கொள்ளாமல் வரிவரியாகப் படித்தேன். முடிந்ததும், நானும் வரட்டுமா என்று தினாவுக்கு ஒரு வரி அனுப்பினேன். உடனே பதில் வந்தது: ‘வா மச்சான்.’

அடுத்த சனிக்கிழமை மடிக்கணினியை அவர்கள் மேசையில், சுவரோரம் வைத்தார்கள். பாதி மேசையும் தினாவின் முழங்கையும் தெரிந்தன. ஸ்டெல்லா குனிந்து திரைக்குள் பார்த்தாள். “வணக்கம்ணா. உங்க ஆளு யாரு?”

வாரம் முழுக்க யோசித்து வைத்திருந்தேன். “படகுக்காரன். சதுரங்கப்பட்டினத்துக்காரன்.”

அவள் தயங்கினாள். “ஊர்ல இவங்க மூணு பேருக்கும் எல்லாரையும் தெரியும்ணா. உங்கள மட்டும் யாருக்கும் தெரியாது. வெளியூர்லேந்து வந்துகீறீங்கன்னு வச்சிக்கலாமா? கதைக்கு நல்லாருக்கும்.”

கதைக்கு நல்லாத்தான் இருந்தது. நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன். சரி என்றேன். என் பெயரெழுதிய சின்ன வட்டத்தை அவள் வரைபடத்தில் கோட்டைக்கு வெளியே, கரையில் வைத்தாள். “இங்கியே இருங்கண்ணா. உள்ள வுடலாமா வாணாமான்னு இவங்க பேசி முடிக்கட்டும்.”

மூன்று பேரும் என்னைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். ஒரு சொல்கூட எனக்குப் புரியாமல் இல்லை. பாதி மணலிலும் பாதி தண்ணீரிலுமாக நின்ற என் வட்டத்தைப் பார்த்துக்கொண்டு, அவர்கள் கூப்பிடட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.