மாப்பிள்ளைக்கு ஓர் இடம்

தெருவில் அவளைக் குதிரைக்காரி என்றுதான் சொல்வார்கள். நேரில் கூப்பிடும்போது மட்டும் அதோடு ஒரு அக்கா சேர்ந்துகொள்ளும். பந்தய மைதானத்தில் விடிகாலையில் குதிரைகளை ஓட்டிப் பழக்குகிற வேலையில் இருந்தவள். ஒரு மழைநாளில் குதிரை சறுக்கி, கீழே விழுந்து, இடுப்பெலும்பு முறிந்தது. எலும்பு கூடிற்று. மறுபடி ஏறுகிற தைரியமும் கூடிற்று. டாக்டர்தான் கூடாது என்றுவிட்டார்.

மைதானத்தை விட்டுப் போக மனசில்லாமல் லாயத்திலேயே சாணி அள்ளிக்கொண்டு கிடந்தாள். ஏறி ஓட்டிய காலத்தில் அவள் கண்ணில் படாத ஒன்று அப்போதுதான் பட்டது. ஜெயிக்கிற குதிரை முன்வாசல் வழியாகப் போய் வரும். கால் நரம்பு வீங்கியோ, மூச்சு இரைத்தோ, வெறுமனே ஓடப் பிடிக்காமலோ போய்விட்ட குதிரை பின்வாசல் வழியாகப் போகும். வராது. ஐந்து வயது, ஆறு வயது. இன்னும் இருபது வருஷம் உயிரோடு இருக்கக்கூடிய பிராணி.

"அது எங்க போச்சு?" என்று கேட்டால், "ஊருக்கு" என்பார்கள்.

"எந்த ஊருக்கு?" என்று அவள் கேட்டாள். லாயத்தில் அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. இரண்டு நாள் அவளோடு யாரும் முகங்கொடுத்துப் பேசவில்லை.

அப்படித்தான் ஆரம்பித்தது. மூடிப்போன செங்கல் சூளைக்குப் பின்னால் ஒரு கொட்டகையும் கொஞ்சம் புல்வெளியும் வாடகைக்குப் பிடித்தாள். பின்வாசலுக்கு வருகிற குதிரைகளை உரிமையாளர்களிடம் கேட்டு வாங்கி, அங்கே சில மாதம் வைத்திருந்து, நல்ல இடமாகப் பார்த்து அனுப்புவாள். வீட்டுச் சாமான் ஏற்றி இறக்குகிற லாரி ஓட்டிக்கொண்டிருந்த அவள் கணவர், பலகையெல்லாம் அடித்து அதைக் குதிரை ஏற்றிப் போகிற வண்டியாக மாற்றிக்கொடுத்தார். "பொண்ணு பாக்க வந்தப்ப உன்ன மட்டுந்தான் காட்டுனாங்க. பின்னால வரிசையில இத்தனை பேரு நிக்கிறத யாரும் சொல்லல" என்று வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு சொன்னார்.

இடம் பார்ப்பது லேசான வேலை இல்லை. பந்தயக் குதிரையைப் பார்த்ததும் ஆசைப்படுகிறவர்கள் நிறையப் பேர். பளபளவென்று மினுக்கும் தோல், மான் மாதிரிக் கால். ஆனால் அந்தக் குதிரைக்கு உலகமே தெரியாது. கடிவாளத்தை இழுத்துப் பிடித்தால் நிற்க வேண்டும் என்று நாம் நினைப்போம். இன்னும் வேகமாகப் போ என்று அதற்குப் பழக்கியிருக்கிறார்கள். தனியாக ஒரு நாள் இருந்ததில்லை. பையில் கட்டித் தொங்கவிட்ட காய்ந்த புல்லையும் தானியத்தையும் தின்று வளர்ந்ததைத் திறந்தவெளியில் விட்டால், கேட் அருகிலேயே நின்று யாராவது வந்து உள்ளே அழைத்துப் போக மாட்டார்களா என்று பார்த்துக்கொண்டிருக்கும். இதையெல்லாம் அவள் ஒன்று விடாமல் சொல்வாள். வேலியை ஆட்டிப் பார்ப்பாள். துணைக்கு வேறு குதிரை, இல்லையென்றால் ஒரு கழுதையாவது உண்டா என்று கேட்பாள். பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற தாய்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டாள் என்று ஒருவர் எரிச்சலோடு சொன்னார். "பொண்ணுன்னா போன் பண்ணி அழும். இது எப்படிப் பண்ணும்?" என்றாள்.

மாப்பிள்ளை வந்தது அந்தச் சமயத்தில்தான். விழுவதற்கு முன்பு தினமும் காலையில் அவள் ஓட்டிய குதிரை அது. பந்தயத்துக்கு நீளமாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள். லாயத்தில் மாப்பிள்ளைதான். தண்ணீர் புதிதாக இருக்க வேண்டும், வாளி அதன் வாளியாக இருக்க வேண்டும், கொஞ்சம் தாமதமானாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஓட்டத்தில் முன்னங்கால் நரம்பு பிய்ந்து, வீங்கிப் போய், பின்வாசலுக்கு வந்தது. அவளைக் கண்டதும் கனைத்தது என்றெல்லாம் இல்லை. அவள் கையிலிருந்த வாளியைப் பார்த்துத்தான் கனைத்தது. அதுவே போதும் என்று இருந்தது அவளுக்கு.

தன்னிடமே வைத்துக்கொள்ளத்தான் ஆசை. கணவரும் தடுக்கவில்லை. ஆனால் ஒன்றை நிரந்தரமாக வைத்துக்கொண்டால் பின்வாசலில் நிற்கிற இன்னொன்றுக்கு இடம் இருக்காது. அது அவளே போட்ட சட்டம். கால் ஆறி, மெல்ல நடக்கிற பதத்துக்கு வந்ததும் இடம் தேட ஆரம்பித்தாள்.

ஒரு மரக்கடைக்காரர் வந்தார். கூடவே அவர் மனைவி. அவர் பாட்டுக்கு வேலியைப் பற்றியும் கொட்டகைப் பலகையின் தடிமனைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்க, அந்த அம்மா ஒன்றும் பேசாமல் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் போய், தொடாமல், அதே பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். குதிரை தானாக வந்து அவள் தோளை மோந்தது. இத்தனை வருஷத்தில் இப்படி நிற்கத் தெரிந்தவர்களைக் குதிரைக்காரி அதிகம் பார்த்ததில்லை. கடைக்குப் பின்னால் நல்ல புல்வெளி. துணைக்கு ஒரு வயதான மட்டக் குதிரை. இதைவிட நல்ல இடம் கனவு கண்டாலும் அமையாது.

முதல் வருஷம் அடிக்கடி போய்ப் பார்த்தாள். மாப்பிள்ளை தடித்துப்போய், வயிறு லேசாகத் தொங்க, சேற்றில் புரண்டு கிடந்தது. மட்டக் குதிரை அதை அதட்டி வைத்திருந்தது. மரக்கடைக்காரரின் மனைவி, "இவருக்குக் கூட இவ்வளவு பணிவிடை செஞ்சதில்லக்கா" என்று சிரித்தாள். அதன்பின் கொட்டகையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. போவது குறைந்தது. நல்லாயிருக்கிற பிள்ளையைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்?

அடுத்த முறை அந்தப் பக்கம் போனபோது புல்வெளியில் ஒன்றுமே இல்லை. புல் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. மரக்கடைக்காரர் கணக்கு மேஜையில் உட்கார்ந்திருந்தார். ஆள் பாதியாகி இருந்தார்.

"அவ போயிட்டாம்மா" என்றார். "மூளையில ரத்தக்கசிவு. காலையில குதிரைக்குத் தண்ணி வைக்கப் போனவ, அங்கயே."

அவள் அங்கே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். அவள் கேட்காமலேயே அவர் சொன்னார்.

"தினம் காலையில அது வேலிகிட்ட வந்து நின்னு கத்தும். அவ வருவான்னு. என்னால தாங்க முடியல. மச்சான்கிட்ட, எங்கயாவது கொண்டுபோன்னு சொல்லிட்டேன். எங்கன்னு கேக்கல."

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமேண்ணே."

"உங்க ஞாபகமே வரலம்மா. எதுவுமே ஞாபகம் வரல."

திட்ட வேண்டும் என்றுதான் வாய்வரை வந்தது. அவர் சட்டையில் பட்டன் மாற்றிப் போட்டிருந்ததைப் பார்த்ததும் மச்சானின் விலாசத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

மச்சான் ஒரு தரகரிடம் கொடுத்திருந்தார். மட்டக் குதிரையை ஒரு பண்ணையில் விட்டுவிட்டார்கள், நன்றாகத்தான் இருந்தது. மாப்பிள்ளையைத் தரகர் கைமாற்றிவிட்டார், வாங்கியவர் இன்னொருவருக்கு. கணவரும் அவளும் லாரியில் ஊர் ஊராக அலைந்தார்கள். விசாரித்த இடத்திலெல்லாம், "செவலைங்களா? நெத்தியில வெள்ளையா? இங்க வரலைங்களே" என்றார்கள். கடைசியில் ஏரிக்கரையில், சுற்றிப் பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுப் போய் வருகிற குதிரைகளின் வரிசையில், கடைசியாக அது இருந்தது.

நெற்றி வெள்ளையை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. விலா எலும்பு தெரிந்தது. முதுகில் சேணம் அறுத்த புண். அந்தப் பழைய முன்னங்கால் தரையில் ஊன்றாமல் குளம்பின் நுனி மட்டும் தொட்டுக்கொண்டிருந்தது. கணுவுக்கு மேல் எல்லாம் தளர்ந்து தொங்கியது. வாடகைக்கு விடுகிறவர் கெட்டவர் என்று சொல்ல முடியாது. "முந்தாநாள் ஒரு குழியில கால் வச்சிடுச்சு. அதுலேருந்து இப்படித்தான். கூட்டிட்டுப் போறதுன்னா போங்க. எனக்கும் பாக்கப் பாவமாத்தான் இருக்கு" என்றார்.

கால்நடை டாக்டர் அங்கேயே வந்து பார்த்தார். குனிந்து வெகுநேரம் தடவிப் பார்த்தார். நிமிர்ந்தவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"மொத்தமா அறுந்திருக்கும்மா. வண்டியில ஏத்தினா வழி பூரா நரக வேதனை."

"அப்ப இங்கயேவா டாக்டர்?"

"இங்கயேதான்."

கணவர் போய் யாருடையதோ வாளியில் புதுத் தண்ணீர் கொண்டுவந்தார். மாப்பிள்ளை இரண்டு மிடறு குடித்தது. முகத்தைத் திருப்பவில்லை. அதைப் பார்த்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது. கழுத்தைக் கட்டிக்கொள்ளாமல், பக்கத்தில் போய், அது பார்த்த பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள். டாக்டர் ஊசியை எடுத்தார். பெரிய உடம்பு மெதுவாகத்தான் சாய்ந்தது.

ஏரிக்கரைக்காரர் மற்றக் குதிரைகளை அந்தப் பக்கம் ஓட்டிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு குதிரை கேட்டு வருகிறவர்களிடம் அவள் புதிதாக ஒரு கேள்வி கேட்க ஆரம்பித்தாள். "வீட்டுல உங்களுக்கு ஒண்ணு ஆயிட்டா, இத யார் பாத்துப்பாங்க?" முதல் தடவையாக வீட்டுக்கு வருகிறவர்களிடம் கேட்கிற கேள்வியா அது? ஒரு தம்பதி காபியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். நல்ல இடம். நல்ல மனிதர்கள். அவர்களுக்காக வைத்திருந்த கறுப்புப் பெண் குதிரை கொட்டகையிலேயே நின்றது.

"என்ன, சாவே வராத வீடாப் பாக்குறியா?" என்றார் கணவர், அன்று சாப்பிடும்போது. "அப்படி ஒண்ணு கிடைச்சா சொல்லு. குதிரைய விட்டுட்டு நாம போயிடலாம்."

அவள் சிரிக்கவில்லை. அவர் தட்டைக் கழுவ எழுந்தார்.

கேள்வியை விட்டுவிட்டாள். அதற்குப் பதில் ஒன்றே ஒன்று சொல்லத் தொடங்கினாள். "எதுன்னாலும், எந்த நிலைமையிலயும், எனக்கு ஒரு போன். வந்து கூட்டிக்கிறேன். ஏன்னு கேக்க மாட்டேன்." கறுப்புக் குதிரையை ஒரு தையற்காரியும் அவள் கணவரும் எடுத்துக்கொண்டார்கள். இந்தத் தடவை தன் போன் எண்ணை அவர்கள் கொட்டகைக் கதவில் சிவப்புப் பெயிண்டில் எழுதிவிட்டு வந்தாள்.

போன் வந்தது. தையற்காரியின் குரல் கம்மியிருந்தது. "அக்கா, இவருக்கு ரெண்டு கிட்னியும் போச்சு. நாள் விட்டு நாள் ஆஸ்பத்திரிதான். நீங்க சொன்னீங்கல்ல."

"இதோ வரேன்மா" என்றாள்.

வண்டியைப் புல்வெளியை ஒட்டி நிறுத்தினார் கணவர். தையற்காரி கயிற்றைக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டு, "நான் பாக்கலக்கா" என்று உள்ளே போய்விட்டாள். குதிரை கொழுகொழுவென்று, பிடரி சிக்கில்லாமல் வாரி இருந்தது. வண்டியில் ஏறுகிற பலகையில் முன்னங்காலை வைத்தது, எடுத்துக்கொண்டது. புல்வெளிப் பக்கம் திரும்பி நின்றது. கணவர் பின்னாலிருந்து தள்ளப் போனார்.

"விடுங்க" என்றாள். "அவசரமில்ல."

கயிற்றைத் தளர்த்திப் பிடித்துக்கொண்டு, அது பார்த்து முடிக்கட்டும் என்று அங்கேயே நின்றாள்.