ஏழாவது முறையும் நின்ற காரில் துவாக்குடி வரை

காலை 7.10, ஸ்ரீரங்கம், அம்மாமண்டபம் சாலை.

ஸ்ரீரங்கத்திலிருந்து துவாக்குடி இருபத்தைந்து கிலோமீட்டர். சத்திரம் பஸ் நிலையத்தில் இறங்கி வேறு பஸ் மாறினாலும் ஒன்றேகால் மணி நேரத்தில் போய்விடலாம். இதற்கெல்லாம் ஒரு பயணக் கட்டுரையா என்று கேட்பவர்கள் என் காரில் ஏறியதில்லை. வாங்கிய எட்டு மாதத்தில் அது என்னை ஆறு முறை நடுவழியில் இறக்கிவிட்டிருக்கிறது. சமயபுரம் போகும்போது இரண்டு முறை, பிறகு கல்லணை, முக்கொம்பு, லால்குடி, மணப்பாறை. இந்தப் பக்கத்துச் சாலையோரப் புளியமரங்களில் எதன் நிழல் எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் விழும் என்று கேட்டால் இப்போது என்னால் சொல்ல முடியும்.

நான் புத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் இருபத்தெட்டு வருடங்களாக நர்ஸ். ஐம்பத்தோராவது வயதில் லைசென்ஸ் வாங்கினேன். ஐம்பத்திரண்டில் என் சம்பளத்தில், யாரையும் கேட்காமல், ஒரு கார் வாங்கினேன். அது என் மகளைவிட இரண்டு வயது மூத்த கார் என்பது உண்மைதான். ஆனாலும் முதல் நாள் அதை மருத்துவமனை வாசலில் கொண்டு போய் நிறுத்தியபோது வாட்ச்மேன் எழுந்து நின்றார். அந்த ஒரு நிமிடத்துக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் நடுவழியில் நிற்கலாம்.

என் கணவருக்கு இது புரியாது. பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சைக்கிளைத் தவிர வேறெதையும் ஓட்டியதில்லை. குறை சொல்ல லைசென்ஸ் எதற்கு? மணப்பாறைச் சாலையில் வண்டி ஆறாவது முறை நின்ற அன்றே, துவாக்குடியில் பழைய வண்டிகளைப் பிரித்து பார்ட்ஸாக விற்கும் ஆரோக்கியராஜ் என்பவரிடம் போனில் பேசி முடித்துவிட்டார். நான் வீட்டை இரண்டாக்கினேன். கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். சனிக்கிழமை நானே வண்டியைத் துவாக்குடிக்கு ஓட்டிப் போக வேண்டும். வழியில் ஒரு முறைகூட நிற்காமல் போய்ச் சேர்ந்தால் வண்டி என்னோடு வீடு திரும்பும். நின்றால் சாவி ஆரோக்கியராஜுக்கு, நாங்கள் பஸ்ஸுக்கு. ஆரோக்கியராஜிடமும் இதைச் சொல்லி, அவரும் சிரித்துக்கொண்டே சரி என்றிருந்தார்.

முந்தைய நாள் வெள்ளிக்கிழமை. வாராவாரம் செய்வதுபோல வண்டியைத் துடைத்து, பானெட்டுக்கும் நான்கு சக்கரத்துக்கும் ஸ்டியரிங்குக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பெட்ரோல் டேங்க் மூடிக்கும் ஒரு பொட்டு வைத்திருந்தேன். சாப்பிடுகிற வாயை விட்டுவிட்டு மற்ற இடத்துக்கெல்லாம் பொட்டு வைத்தால் நன்றாகவா இருக்கும்? இந்த வாரம் எல்லாமே இரட்டைப் பங்கு. வெற்றியோடு திரும்ப வேண்டுமே.

7.35, சத்திரம் அருகே பெட்ரோல் பங்க்.

காவிரிப் பாலத்தை வண்டி பூப்போலக் கடந்தது. ஆற்றில் தண்ணீர் இருந்தது. என் கணவர் தண்ணீரைப் பார்க்கவில்லை, மீட்டர் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பங்க்கில் டேங்கை நிரப்பச் சொன்னேன்.

"விக்கப் போற வண்டிக்கு ஃபுல் டேங்கா வசந்தா?"

"விக்கப் போறேன்னு யாருங்க சொன்னா?"

கழுத்து வரை நிரப்பினோம். இருபத்தெட்டு லிட்டர், மூவாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. பட்டினி போட்டு ஓட வைத்தாள் என்ற பேச்சு எனக்கு வேண்டாம்.

8.05, காந்தி மார்க்கெட்.

மலைக்கோட்டையைச் சுற்றிக்கொண்டு வந்து மார்க்கெட் நெரிசலில் மாட்டினோம். வெங்காய லாரி, வாழைத்தார் ஏற்றிய வண்டி, எதற்கும் வழிவிடாத ஆட்டோ. இரண்டாவது கியரில் ஊர்ந்தபடி இந்த இடத்தைக் கடந்தேன். இங்கே நின்றால் மார்க்கெட்டே சேர்ந்து என்னைத் திட்டும் என்ற பயத்தில் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. நிற்கவில்லை. பால்பண்ணை ரவுண்டானா தாண்டித் தஞ்சாவூர் சாலையில் ஏறியதும் என் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

8.25, அரியமங்கலம்.

ஆணவம் அதிக நேரம் நிற்காது என்பார்கள். வண்டியும் நிற்காமல் இல்லை. அரியமங்கலத்துக்குள் நுழைந்ததும் இன்ஜின் இரண்டு முறை திக்கியது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். மூச்சு வாங்கியபடி இன்னும் நூறு மீட்டர் ஓடி, ஒரு டீக்கடைக்கு எதிரே அடங்கிப்போனது. பங்க்கிலிருந்து சரியாக ஏழு கிலோமீட்டர்.

என் கணவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதற்கு அவர் பேசியே இருக்கலாம்.

எனக்கு அழுகை வந்தது, மறைக்க என்ன இருக்கிறது? அழுகையை விழுங்கிவிட்டு கைப்பையிலிருந்து நோட்டை எடுத்தேன். நோயாளிக்குக் கேஸ் ஷீட் எழுதுவதுபோல இந்த வண்டிக்கும் எழுதி வருகிறேன். எந்தக் கிழமை, எத்தனை மணி, எவ்வளவு பெட்ரோல், எத்தனை கிலோமீட்டரில் நின்றது, எந்த மெக்கானிக் என்ன செய்தார் என்று எல்லாம் அதில் இருக்கும். நான்கு மெக்கானிக்குகள் பார்த்திருக்கிறார்கள். முதலாமவர் பெட்ரோல் பம்பை மாற்றினார். இரண்டாமவர் காயிலை மாற்றினார். மூன்றாமவர் கார்ப்பரேட்டரைப் பிரித்துக் கழுவினார். நான்காமவர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, வண்டிக்கு திருஷ்டி என்றார். ஒவ்வொருவரும் வாட்டர் வாஷ் செய்து பளபளவென்று திருப்பிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் சில நாள் ஓடி, மறுபடி நின்றது. ஏழாவது வரியை எழுதும்போது இரண்டு விஷயங்கள் கண்ணில் பட்டன. ஏழு முறையும் சனி அல்லது ஞாயிறு. பெட்ரோல் குறைவாக இருந்தபோது முப்பது கிலோமீட்டர் தாண்டி நின்றிருக்கிறது. நிறைய இருந்தபோது பத்துக்குள்ளேயே நின்றிருக்கிறது. வயிறு நிறைந்தால் மயங்குகிற நோயாளியா?

நூறடியில் ஒரு ஒர்க்ஷாப் இருந்தது. அங்கிருந்து ரஹீம் பாய் என்ற மெக்கானிக் வந்தார். என் வயதிருக்கும். பானெட்டைத் திறந்து, பெட்ரோல் வரும் குழாயைக் கழற்றி, என்னைச் சாவி போடச் சொன்னார். ஒரு சொட்டு வரவில்லை.

"பம்பு போச்சுங்க."

"ஆறு மாசம் முன்னாடிதான் பாய் மாத்தினோம்."

"அப்ப டேங்க்ல பெட்ரோல் இருக்கான்னு பாருங்க."

"கழுத்து வரைக்கும் இருக்கு," என்றார் என் கணவர். அந்தக் கோபம் அவருக்கு இன்னும் ஆறவில்லை.

பாய் நம்பவில்லை. டேங்க் மூடிக்குத் தனிச் சாவி உண்டு. பழைய மூடி வாங்கும்போதே பிய்ந்திருந்ததால் நான் வேறொன்று வாங்கிப் போட்டிருந்தேன். சாவியைக் கொடுத்தேன். அவர் மூடியைத் திருகியதும் 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு நீண்ட சத்தம்.

"கேஸுங்க. வெயிலுக்கு டேங்க்ல கேஸ் கட்டும், இப்படித்தான் வெளிய வரும்," என்றார் பாய்.

இருபத்தெட்டு வருடங்களாக மனிதர்கள் மூச்சு விடுவதையும் இழுப்பதையும் பக்கத்தில் நின்று கேட்டவள் நான். ராத்திரி டூட்டியில் விளக்கை அணைத்துவிட்டாலும் எந்தக் கட்டிலில் எந்த மூச்சு என்று சொல்வேன். அந்தச் சத்தம் வெளியே வந்த காற்றில்லை.

"பாய், வண்டி மூச்ச விடல. இழுத்துச்சு."

அவர் என் கணவரைப் பார்த்தார். என் கணவர் வானத்தைப் பார்த்தார். நான் போய்ச் சாவி போட்டேன். வண்டி உடனே ஸ்டார்ட் ஆனது.

"அதான் சரியாயிருச்சே, கிளம்புங்க மேடம்."

"ஏன் சரியாச்சுன்னு தெரியாம கிளம்ப மாட்டேன். அந்த மூடிய குடுங்க."

மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சாவித் துளைக்குக் கீழே என் பொட்டு. நேற்று வைத்தது மேலே மஞ்சளாக இருந்தது. அதற்கடியில் போன வாரத்துச் சந்தனம், அதற்கும் அடியில் அதற்கு முந்தைய வாரத்தது, எல்லாம் காய்ந்து சிமெண்டாகப் பூசியிருந்தது. புடவையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி அந்த இடத்தைச் சுரண்டினேன். சந்தனம் உதிர உதிர ஊசி முனை அளவில் ஒரு துளையின் வாய் தெரிந்தது. துளைக்குள் இறுகிக் கிடந்ததை இன்னும் தொடவில்லை.

"பாய், இதுல வாய வெச்சு ஊதுங்க."

பாய் மூடியைத் துணியால் துடைத்துவிட்டு உள்பக்கத்திலிருந்து ஊதினார். கன்னம் உப்பியது, காற்று போகவில்லை. ஊக்கை விட்டுக் குடைந்து உள்ளே இருந்ததையும் தள்ளிவிட்டு மறுபடி ஊதச் சொன்னேன். என் உள்ளங்கையில் காற்று வந்து பட்டது.

அந்த அரியமங்கலத்துச் சாலையோரத்தில் எனக்குப் பழைய பாட்டில் ஒன்று ஞாபகம் வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் குளுக்கோஸ் கண்ணாடிப் பாட்டிலில் வரும். பாட்டிலைத் தலைகீழாக மாட்டி ஊசி குத்தினால் மட்டும் மருந்து இறங்காது. உள்ளே காற்று போக இன்னோர் ஊசியும் குத்த வேண்டும். அதை மறந்தால் நான்கு சொட்டு இறங்கி நின்றுவிடும். பாட்டில் நிறைய இருக்கும்போதுதான் சீக்கிரம் நிற்கும், உள்ளே காற்றுக்கு இடமிருக்காதே. முதல் வாரம் அதை மறந்து நான் வாங்கிய திட்டு இன்றும் காதில் இருக்கிறது. இதைப் பாயிடம் சொன்னேன். பெட்ரோல் குறையக் குறைய உள்ளே காற்று போக வேண்டும், அதற்கான துளையை நான் வெள்ளிக்கிழமைதோறும் பக்தியோடு அடைத்து வந்திருக்கிறேன். மெக்கானிக்குகள் செய்த வைத்தியத்தில் பலித்தது, பொட்டைக் கரைத்த வாட்டர் வாஷ் மட்டும்தான்.

பாய் மூடியை என்னிடமே நீட்டினார்.

"மாஷா அல்லா. முப்பது வருஷமா வண்டி பாக்கறேன் மேடம், பம்பையும் பைப்பையும்தான் கழட்டியிருப்பேன். இன்னைக்கு நீங்க எனக்குச் சொல்லிக் குடுத்துட்டீங்க." அவர் கூலி வாங்க மறுத்தார். மூன்று பேரும் எதிர்க் கடையில் டீ குடித்தோம். ஒரு டீ பதினைந்து ரூபாய். அந்தக் காசையும் பாயே கொடுத்தார்.

இந்தக் கோளாறுக்குக் காரணம் நானேதான் என்பதில் எனக்கு வெட்கமில்லையா என்று கேட்டால், இருந்தது, டீ ஆறும் வரைக்கும். அதன்பின் பெருமை மட்டும்தான் மிச்சம். நான்கு மெக்கானிக்குகள் கண்டுபிடிக்காததை ஒரு புடவை ஊக்கால் கண்டுபிடித்தவள் நான்.

9.15. புறப்பட்டோம்.

கதவை மூடியதும் என் கணவர் சொன்னார்: "எல்லாம் சரி வசந்தா. ஆனா வண்டி நின்னுச்சு."

"நின்னுச்சு," என்றேன். வாக்கு வாக்குதான். அவருக்கு இருக்கிற நேர்மை எனக்கும் உண்டு.

திருவெறும்பூர் வரை ஆறு கிலோமீட்டர். வண்டி ஒரு முறைகூடத் திக்கவில்லை. வலப்பக்கம் எறும்பீஸ்வரர் குன்று தெரிந்தபோது, இதைத்தான் பிரித்துப் போடக் கொண்டு போகிறேன் என்று நினைத்தேன். குணமாகி எழுந்து உட்கார்ந்த நோயாளியைப் பிணவறைக்குத் தள்ளிக்கொண்டு போவது மாதிரி இருந்தது. பஸ்கள் ஹாரன் அடித்துத் தாண்டிப் போயின. எட்டு மாதத்தில் முதல் முறையாக நாலாவது கியரில் அறுபதில் பயமில்லாமல் ஓட்டினேன், அதுவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு. பக்கத்தில் என் கணவர் என் கைப்பையிலிருந்து அந்த நோட்டை எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தார். அதை அவர் திறந்து பார்த்தது அன்றுதான் முதல் முறை. ஏழு வரிகளையும் படித்தார்.

9.50, துவாக்குடி.

கல்லூரி மாணவர்கள் பஸ்ஸுக்கு நிற்கும் இடத்தைத் தாண்டி, உள்ளே ஒரு மண் பாதையில் ஆரோக்கியராஜின் கொட்டகை. கதவில்லாத கார்கள், சக்கரமில்லாத கார்கள், ஒரு மூலையில் அடுக்கிய ஸ்டியரிங்குகள். என் வண்டியை அவற்றுக்கு நடுவே கொண்டு போக மனம் வரவில்லை. வாசலிலேயே நிறுத்தினேன். ஆரோக்கியராஜ் லுங்கியை இறக்கிவிட்டபடி வந்தார்.

"வாங்க சார், வாங்கம்மா. என்ன சார், வழில நின்னுச்சா?"

சாவியைக் கையில் எடுத்துவிட்டேன். ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"எங்க நின்னுச்சு?" என்றார் என் கணவர். "அரியமங்கலத்துல டீ குடிக்க நாங்கதான் நிறுத்தினோம்."

மகளுக்குப் பன்னிரண்டு வயது முடிந்த மறுநாளே கண்டக்டரைக் கூப்பிட்டு முழு டிக்கெட் கேட்டு வாங்கியவர் இவர். கல்யாணமான நாளிலிருந்து என் சமையலைக்கூட நன்றாக இருக்கிறது என்று பொய்யாகச் சொன்னதில்லை. நான் திறந்த வாயை மூடவில்லை.

ஆரோக்கியராஜ் சிரித்தார். "நல்லதாப் போச்சு சார். ஓடுற வண்டிய அறுக்க எனக்கும் கை வராது," என்று உள்ளே திரும்பிவிட்டார்.

சாவியைப் போட்டேன். என் கணவர் சீட்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, ஜன்னல் கண்ணாடியை முழுவதுமாக இறக்கினார். நோட்டை மடியில் விரித்து என் பேனாவை வாங்கினார்.

"அரியமங்கலத்து வரிய அடிச்சுடறேன்," என்றார். "ரெக்கார்டு சரியா இருக்கணும் பாரு."