மூன்றாவது தட்டு

அசுந்தா பாதாம் உடைத்தே வயதானவள். தெற்கு இத்தாலியில், பூலியாவின் அந்தச் சிற்றூரில் அவளுக்குக் கணவன் இல்லை, பிள்ளை இல்லை. இறந்தவர்கள் மூன்று பேர் இருந்தார்கள். கல்லறைத் திருநாளுக்கு முந்தைய மாலை, ஊரார் எல்லாரையும் போல அவளும் மேசையில் துணி விரித்து, அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அக்கா ரொசாரியாவுக்கும் தனித்தனித் தட்டில் ரொட்டியும் பக்கத்தில் தண்ணீரும் வைத்துவிட்டுப் படுப்பாள். விடிந்தால் மூன்று ரொட்டியிலும் கடித்த தடம் இருக்கும். எலி என்று அந்த ஊரில் யாரும் சொல்வதில்லை.

காய்ச்சல்காரர்களுக்குப் பணிவிடை செய்தே இறந்துபோன கன்னியாஸ்திரி ரொசாரியாவை அந்த வருடம் ரோமில் புனிதை என்று அறிவித்தார்கள். கல்லறையைத் திறந்து, ஒரு விரலெலும்பை எடுத்துக் கண்ணாடிப் பேழையில் வைத்துப் பீடத்தில் ஏற்றினார்கள். ஊரே முழங்காலிட்டது. தனக்குப் பேன் பார்த்த விரல் அது என்று நினைத்துப் பார்க்க அசுந்தா முயன்றாள். முடியவில்லை.

திருநாள் நெருங்கியதும் பங்குக் குரு தோன் கோசிமோவிடம் போனாள்.

"அக்கா ஆத்துமாவுக்கு வழக்கம்போல ஒரு பூசை வைக்கணும் சாமி."

தோன் கோசிமோ சிரித்துவிட்டார். "பைத்தியமா உனக்கு? அவங்க மோட்சத்துல இருக்காங்கன்னு திருச்சபையே சொல்லியாச்சு. இனிமே அவங்களுக்காக வேண்டக்கூடாது. அவங்ககிட்டதான் வேண்டணும்."

"அப்போ, தட்டு?"

"மோட்சம் சேராம, பாவம் தீர உத்தரிக்கிற ஆத்துமாதான் பசியோட வரும். புனிதைக்கு எதுக்கும்மா உன் காஞ்ச ரொட்டி?"

"அவளுக்கா பசிக்காது? எம்பங்கையும் பிடுங்கித் தின்னவ சாமி அவ!"

"வாயை மூடு. புனிதையைப் பத்திப் பேசுற."

புனிதராக்குவது என்றால் ஒருவருக்கு எதையோ கொடுப்பது என்று ஊர் நம்பியது. ஒரு வீட்டிலிருந்து எதையோ எடுத்துக்கொள்வதும் அதில் அடக்கம் என்பது அசுந்தாவுக்கு மட்டுமே உறைத்தது. அக்கா வருவாளா, இனி வரவே மாட்டாளா? சாமியின் சொல்லை மீறி மூன்றாவது தட்டையும் வைத்தாள்.

விடிந்ததும் வந்து பார்த்தாள். ரொசாரியாவின் ரொட்டி முழுசாக இருந்தது. தண்ணீர் ஒரு சொட்டும் குறையவில்லை.

"வரலையாடி?" என்றாள். பிறகு, யாரோ கேட்டுவிடுவார்கள் என்பதுபோல் முழங்காலிட்டு, "புனித ரொசாரியாவே..." என்று தொடங்கினாள்.

நிமிர்ந்தபோதுதான் மற்ற இரண்டு தட்டுகளையும் கவனித்தாள். அப்பாவின் ரொட்டியிலும் அம்மாவின் ரொட்டியிலும் பல் படவில்லை. மேசையைப் பார்த்து அவள் போட்டிருந்த அவர்கள் நாற்காலிகள் இரண்டும் வாசல் பக்கம் திரும்பியிருந்தன.