மெதுவாக அழுத்தினால் தவறும் ரிவால்வர்

ஆயுதத்தின் மீது ஐயம் இருந்தால், ஆர்மரர் அதைச் சோதிக்கும்வரை சுடும் தேர்வின் மதிப்பெண்ணைப் பதியக்கூடாது. எங்கள் துணைக் காவல் படையின் விதி அது. அங்கே ஆர்மரராகத் துப்பாக்கிகளைப் பழுதுபார்த்தவன் நான். ரிவால்வரில் ஏதோ குறை என்று சொல்லியிருந்த காவலர் கலைவாணி காதடைப்பைக் கழற்றும் முன்பே அவருடைய மதிப்பெண் பதிவாகிவிட்டது. அதே ரிவால்வரில் மூன்றாவது தோல்வி. இனி ஆயுதப் பணி இல்லை, வாயிற்பதிவு மேசைதான்.

பயிற்சியாளர் நூர்தீன் அதே ரிவால்வரால் ஐந்து குண்டுகளைப் படபடவென்று சுட்டார். ஐந்தும் கறுப்பு வட்டத்துக்குள்.

“பாத்தீங்களாண்ணே? துப்பாக்கி ஓகே லா. தங்கச்சிக்குத்தான் கை நடுங்குது.”

“நடுங்கல சார். நீங்க சொல்லிக் குடுத்த மாதிரி மெதுவாத்தான் அமுக்குனேன்,” என்றார் கலைவாணி.

அந்த ‘மெதுவா’வை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். குண்டுகள் இல்லாமல் விசையை வேகமாக இழுத்தபோது எல்லாம் சரி. மெதுவாக இழுத்தபோது சிலிண்டரின் ஐந்து குண்டறைகளில் நான்கு ‘டிக்’ என்று பூட்டிக்கொண்டன. மூன்றாவது அறை மட்டும் மயிரிழை முன்னதாகவே நின்றது. சிலிண்டரைத் தள்ளிச் சுழற்றும் பல் அந்த இடத்தில் தேய்ந்திருந்தது. வேகமாகச் சுட்டால் சுழலும் வேகமே மிச்ச தூரத்தைக் கடத்திவிடும். மெதுவாகச் சுட்டால் குண்டு குழலின் விளிம்பில் உரசிக்கொண்டு நுழையும். குழலின் பின்வாயில் ஒரு பக்கத்தில் மட்டும் ஈயம் அப்பியிருந்தது.

அறைகளுக்கு எண்ணிட்டு நூர்தீனிடம் நீட்டினேன். “மெதுவா சுடுங்க.”

“என்னண்ணே, நான் என்ன புது ரெக்ரூட்டா?”

சுட்டார். மூன்றாவது குண்டு தாளின் ஓரத்துக்குப் போனது. சிலிண்டரைத் திறந்து அறையின் எண்ணைப் பார்த்தார்.

“அப்ப நான் சொல்லிக் குடுக்கிற மாதிரி நானே சுடறதில்லையா?”

“அத எழுத ஃபாரத்துல எடமில்ல.”

என் சோதனை அறிக்கையில் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். நான் கற்றது ஒன்றுதான்: குறை சொன்னவர் சுட்ட விதத்திலேயே சுட்டுப் பார்க்காமல், துப்பாக்கிக்கு நற்சான்று தரக்கூடாது.

பிப்ரவரியில், சீனப் புத்தாண்டு முடிந்த வாரத்தில் தலைமையகத்துக்கு அறிக்கை போனது. மற்ற நான்கு அறைகளும் நன்றாக இருப்பதை உறுதிப்படுத்தும்படி ஒரு விளக்கம் கேட்டார்கள். உறுதிப்படுத்தினேன். கலைவாணி வாயிலில் வருகையாளர் அட்டைகளை வழங்கிக்கொண்டிருந்தார்.

தோல்விகள் மூன்றும் ரத்து, வேறு துப்பாக்கியில் மறுதேர்வு என்று பதில் வந்தது. அதைக் கலைவாணியே இரண்டு முறை படித்தார்.

“நாளைக்கே சுடலாமாண்ணே?”

சுடும் ரேஞ்ச் நாளை மூடியிருக்கும் என்றேன். பதில் வந்த அன்று தீபாவளிக்கு முதல் நாள்.