குலுக்கைக்குள் ஈரக் குடுக்கை

மகள் இடுப்பில் கட்டி நீந்தும் சுரைக்குடுக்கையைக் கம்பு கொட்டிவைக்கும் குலுக்கைக்குள் ஒளித்து வைத்திருந்தேன். இனிக் கிணற்றுப் பக்கம் போகமாட்டாள் என்று நினைப்பு.

இன்று காலை கைவிட்டுப் பார்த்தால் குடுக்கை ஈரம். மேலெல்லாம் கம்பு ஒட்டியிருந்தது.

"ஏ புள்ள, கெணத்துக்கா போன?" என்றேன். அவளுக்கு வயது ஒன்பது.

"குடுக்கை எனக்கு எதுக்குய்யா?" என்றாள். நான் கேட்டதற்கு அது பதிலே இல்லை.

மத்தியானம் சத்தமில்லாமல் போய்த் தோட்டத்துக் கமலைக் கிணற்றை எட்டிப் பார்த்தேன். மேட்டிலிருந்து மகள் குடுக்கையில்லாமல் குதித்தாள். குடுக்கை தண்ணீருக்குள், என் மனைவியின் இடுப்பில்.

"பயப்படாம கால அடி ஆத்தா," என்று மகள் அதட்டிக்கொண்டிருந்தாள்.

மனைவி என்னை நிமிர்ந்து பார்த்தாள். "தெனமும் கம்பு அள்ளுறது நான்தான. அங்கன போயா ஒளிப்பாக?"

வீட்டில் நீந்தத் தெரியாதவன் இனி நான் மட்டும்தான். உங்கள் வீட்டுக் குடுக்கையையும் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.